பூ வைக்காத சபை

ஆவடியில் இருந்த அந்தச் சபையில் பெண்கள் பூ வைக்கக் கூடாது. பொட்டு கூடாது, தோடு கூடாது, கண்ணாடி வளையல்கூடக் கூடாது. வெள்ளைச் சேலையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு பாயில் உட்கார வேண்டும். அது அவர்கள் வழக்கம். அதில் நமக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் அதே சபை நடத்திய இல்லத்துக்கு மட்டும், எப்போதாவது ஒருமுறை, பூந்தமல்லியிலிருந்து ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப்பூ வந்து இறங்கும். யார் தலையிலும் வைக்க அல்ல. அந்த வாசனை மூக்கில் பட்டாலே இல்லத்துச் சாவிக்கொத்தை வைத்திருந்த தெரசாவுக்கு வயிறு பற்றி எரியும்.

இல்லம் முத்தாபுதுப்பேட்டை போகிற சாலையில் இருந்தது. பழைய ஓட்டுக் கட்டடம், சுற்றிலும் முள்வேலி, வாசலில் வேத வசனத்தோடு ஒரு பலகை. பலகையில் நீளமாக ஒரு பேர் எழுதியிருந்தார்கள். அந்தப் பேரை யாரும் வாயால் சொன்னதில்லை. பஸ் கண்டக்டர் முதற்கொண்டு எல்லோருக்கும் அது ‘புள்ளத்தாச்சி பங்களா’தான். தாலி கட்டியவன் கைவிட்டவள், கட்டாமலே கைவிடப்பட்டவள், இரண்டு பிள்ளைகளோடு நடுத்தெருவுக்கு வந்தவள், யார் போய் நின்றாலும் உள்ளே விடுவார்கள். வேளைக்குச் சோறு உண்டு, பிரசவம் பார்க்க ஆள் உண்டு, தையல் கற்றுக்கொடுப்பார்கள். இதை இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். தெரசாவும் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. அவளை ஊமையாக்கி வைத்ததே அந்தச் சோறுதான்.

ஏனென்றால் அவள் அங்கே வேலைக்கு வந்தவள் இல்லை. எண்பத்தொன்றாம் வருஷம், பத்தொன்பது வயதில், தள்ளிய வயிற்றோடு வந்தவள். அப்பா செபாஸ்டியன் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வெல்டர். மாதா தேர் புறப்பட்டால் முதல் ஆளாய் நிற்கிறவர். மகளை டைப்ரைட்டிங் கிளாசுக்கு அனுப்பியதில் அவருக்கு ஏகப் பெருமை. அந்தக் கிளாசுக்குப் போகிற வழியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவன், துபாய் போய்விட்டு வந்து கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். துபாய் என்ன, அவன் பம்பாயைக்கூடத் தாண்டவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டாள்.

விஷயம் தெரிந்தபோது செபாஸ்டியன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. “எனக்குப் பொறந்தது ரெண்டு ஆம்பளப் பசங்க மட்டுந்தான்” என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அம்மா ஆரோக்கியம்மாள்தான் பஸ்ஸில் கூட்டிவந்து பங்களா வாசலில் விட்டாள். கையில் தன் ஜெபமாலையைத் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். உள்ளே போன முதல் வேலையாக அந்த ஜெபமாலையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இது வேறு சபையம்மா, இங்கே மணி உருட்டுகிற பழக்கம் கிடையாது என்றார்கள். பசித்தவளுக்கு எந்தச் சபையாக இருந்தால் என்ன. தெரசா தட்டை நீட்டினாள்.

ஈஸ்டரை, அதாவது பாஸ்குத் திருநாளை ஒட்டிப் பையன் பிறந்தான். அதனால் பாஸ்கல் என்று பேர் வைத்தாள். கறுப்பாய், உருண்டையாய், பால் குடிக்கும்போது ஒரு கையால் அவள் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டே குடிப்பான். உலகத்தில் தன்னை விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கிறது என்பதே அவளுக்குப் பெரிய விஷயமாய் இருந்தது. தையல் கற்றுக்கொண்டால் அம்பத்தூரில் ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிடலாம், திருமுல்லைவாயிலில் ஓர் அறை பிடித்துக்கொள்ளலாம் என்று பிள்ளையின் காதிலேயே கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாஸ்கல் குப்புற விழத் தொடங்கியிருந்த சமயம். ஒரு காலையில் மூப்பர் ராஜசேகரனின் மனைவி சுசீலா அம்மா வந்தார். மூப்பர் என்றால் சபைக்குப் பாஸ்டருக்கு அடுத்த பெரிய மனிதர். இல்லத்தின் நல்லது கெட்டது எல்லாம் சுசீலா அம்மா கையில். வந்தவர் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, “நீ போய் நல்லா தலைக்குத் தண்ணி ஊத்திக்கோ தெரசா. பிள்ளைய நான் பாத்துக்கறேன்” என்றார். வயிறு தள்ளின நாளிலிருந்து அவளிடம் அப்படிப் பிரியமாய் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசினதில்லை. அவள் சீயக்காய் தேய்த்து, அடித்துத் துவைத்து, ஆசை தீரக் குளித்தாள். குளிக்கும்போது சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதாள்கூட.

ஈரத்தலையோடு வந்து பார்த்தால் தூளியை அவிழ்த்து மடித்து வைத்திருந்தார்கள்.

“நல்ல குடும்பம்மா. தினமும் வேதம் வாசிக்கிற குடும்பம். எந்த ஊருன்னு எங்களுக்கே சொல்லல. கர்த்தருடைய சித்தம்னு விட்டுடு” என்றார் சுசீலா அம்மா. அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. அதுதான் தெரசாவால் கடைசிவரை ஜீரணிக்க முடியாமல் போனது. திருடுகிறவன் அழுதுகொண்டே திருடினால் அவனை எந்தக் கையால் அடிப்பது?

அன்று சாயங்காலமே மார் கட்டிக்கொண்டது. பால் கசிந்து ஜாக்கெட் நனைந்தது. அப்போதுதான் ஈரத்துணி மூட்டை பிரிந்தது. மல்லிகைச் சரத்தை மார்பில் பரப்பித் துணியால் இறுக்கிக் கட்டினால் பால் வற்றும் என்பது ஊரறிந்த வைத்தியம். பிள்ளை செத்துப் பிறந்தவளுக்கு அப்படிச் செய்வார்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறவளுக்கும் அதைச் செய்வார்கள் என்பதைத் தெரசா அங்கேதான் தெரிந்துகொண்டாள். வாடின பூவும் புளித்த பாலுமாகச் சேர்ந்து அவள் உடம்பிலிருந்தே ஒரு நாற்றம் வந்தது. அந்தச் சபையில் பூ வைக்கக் கூடாது என்று சட்டம். வைத்துக் கட்டலாம் போலிருக்கிறது.

பால் வற்றியதும் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். சாட்சி என்றால் கோர்ட்டுச் சாட்சி இல்லை. தன் வாழ்க்கையில் கர்த்தர் செய்த நன்மையை, ஆராதனை நடுவில் எழுந்து நின்று, நாலு பேர் கேட்கச் சொல்வது. பாஸ்டர் பால்ராஜ் ஐயா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். “நான் பாவச் சேற்றில் கிடந்தேன். கர்த்தர் என்னைத் தூக்கியெடுத்தார். என் பிள்ளையை அவர் கரத்தில் கொடுத்தேன்.”

கொடுத்தேன் என்கிற இடம் வரும்போது தெரசாவுக்குத் தொண்டை அடைத்தது. உருக்கத்தில் அடைக்கிறது என்று நினைத்துச் சபை மொத்தமும் “ஆமென்” என்றது. அவ்வளவு நன்றாக வந்துவிட்டதால், இல்லத்தின் ஆண்டு விழா தோறும் அவளையே நிற்க வைத்தார்கள். வருஷா வருஷம் அவள் எழுந்து நின்று கொடுத்தேன் என்றாள். வருஷா வருஷம் தொண்டை அடைத்தது. வருஷா வருஷம் ஆமென்.

போக்கிடம் இல்லாதவள், அங்கேயே தங்கிவிட்டாள். முதலில் சமையலுக்குக் கையுதவி, அப்புறம் பிரசவத்துக்குத் துணை, பழைய மேட்ரன் ஊருக்குப் போனதும் சாவிக்கொத்து இவள் இடுப்புக்கு வந்தது. எல்லோருக்கும் தெரசாக்கா ஆனாள். கோபக்காரி என்று பேரெடுத்தாள். பாலில் தண்ணீர் கலந்தவனைத் தெருமுனை வரை துரத்தித் துரத்தித் திட்டுவாள். ஊசியைத் தொலைத்த பெண்ணைப் பிடித்து உலுக்குவாள். தண்ணீர் வராத குழாயைக்கூட நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டாள். வர வேண்டிய இடத்தில் வராத கோபம் கண்ட இடத்திலெல்லாம் வந்தது. சுசீலா அம்மாவின் கார் சத்தம் கேட்டால் மட்டும் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த பெண்களுக்கெல்லாம் பூ வைத்துக் கட்டியது தெரசாவின் கைதான். மனசாரக் கொடுத்த பெண்களும் இருந்தார்கள். வயசுக்கும் கோலத்துக்கும் வேறு வழியில்லாமல், யோசித்து, அழுது, கொடுத்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கு வாயிருக்கிறது. ஆனால் கேட்டு வாங்குவது வேறு, குளிக்க அனுப்பிவிட்டு எடுப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே பூவைத்தான் கட்டினாள். வலிக்காமல் கட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் அவளுக்கே பிடிக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டு கடைசியில் நாகவல்லி வந்து சேர்ந்தாள். வெள்ளானூர்ப் பெண். அப்பன் வேம்புலி ஒரு காலத்தில் ஏர் பிடித்தவன், நிலம் மனைக்கட்டாகிவிட்ட பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் மூட்டை தூக்கினான். மகளும் எஸ்டேட்டில்தான், பேக்கிங் வேலை. எத்திராஜ் என்று ஒரு லாரி கிளீனர் அம்மன் கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். ஏற்கெனவே திருநின்றவூரில் ஒருத்திக்குக் கட்டியிருந்தான் என்பது வயிறு தெரிகிற நேரத்தில்தான் தெரிந்தது. வேம்புலி வெட்டரிவாளை எடுத்தான். அம்மா சொர்ணம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே ஒளித்து வைத்தாள்.

நாகவல்லிக்குப் பெண் குழந்தை. துலுக்கானம் என்று பேர் வைத்தாள். அது அவர்கள் குலதெய்வத்தின் பேர். கிரேஸ் என்று வைக்கச் சொல்லிப் பாஸ்டர் ஐயா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “நீங்க கூப்பிடசொல்ல கிரேஸுன்னே கூப்புடுங்க ஐயா, நான் துலுக்கானம்னு கூப்புட்டுக்கிறேன். ரெண்டுத்துக்கும் அது சிரிக்கும்” என்றாள். அவளுக்கு யாரிடமும் பயம் இல்லை. அதனாலேயே தெரசா அவளை மற்றவர்களைவிட அதிகம் திட்டினாள்.

சொர்ணம் வாரா வாரம் வந்தாள். அப்பன் கோபம் கொஞ்சம் கொஞ்சமாய் இறங்குகிறது, ஆடி மாசம் கூழ் ஊற்றி முடிந்ததும் மகளையும் பேத்தியையும் ஊட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று உறுதியாய்ச் சொல்லியிருந்தாள். ஆக, நாகவல்லிக்கு வேண்டியதெல்லாம் ஆடி வரை ஒரு கூரை. அதுவரை பிள்ளை கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதைத்தான் அவளுக்கு இல்லாமல் செய்யப் பார்த்தார்கள்.

சித்திரையில் நடந்த ஆண்டு விழாவில் தெரசா வழக்கம்போல் சாட்சி சொன்னாள். அதை முதல்தடவையாகக் கேட்ட நாகவல்லி, திரும்பி வந்ததும் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

“இன்னாக்கா, நெசமாவே நீயா குடுத்துட்ட?”

“சபையில சொன்னன் இல்ல? கேக்கல?”

“கேட்டேன். நீ சொல்லசொல்ல வேற யாரோ ஊட்டுக் கதையச் சொல்ற மாரி இருந்துச்சு. அதான் கேட்டேன்.”

“உன் வேலயப் பாத்துகினு போடி.”

நாகவல்லி தன் வேலையைப் பார்த்தாள். தெரசாதான் அன்றைக்கு உப்புப் போட்ட குழம்புக்கு இரண்டாம் தடவை உப்புப் போட்டாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற ஆனி மாதம். ஒரு சனிக்கிழமை சுசீலா அம்மாவின் கார் வந்து நின்றது. இறங்கும்போதே தெரசாவுக்கு வாசனை தெரிந்துவிட்டது. ஒயர் கூடையில் ஈரத்துணி மூட்டை.

“பெங்களூர்லேர்ந்து வந்திருக்காங்க தெரசா. கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தையில்லாம அழுதவங்க. பாத்தா நீயே கண்கலங்கிடுவ” என்றார் சுசீலா அம்மா.

“அவ குடுக்க மாட்டாம்மா. ஆடி கழிஞ்சி அவங்கம்மா வந்து இட்டுகினு போறன்னு சொல்லிக்கீது.”

“எங்க கூட்டிட்டுப் போவாங்க? அந்தக் குடிசைக்கா? பேர் வச்சிருக்கா பாரு, துலுக்கானம்னு. ஒரு ஆத்துமா தெரசா. தெரிஞ்சே ஒரு ஆத்துமாவை அழிவுக்கு அனுப்பச் சொல்றியா?”

“அவ பெத்த புள்ளம்மா.”

“நீயும்தான் பெத்த. நீ குடுக்கலையா? வருஷா வருஷம் உன் சாட்சியைக் கேட்டு எத்தனை பேர் மனந்திரும்பியிருக்காங்க.” அவள் தோளில் பிரியமாய்க் கை வைத்தார். “நாளைக்கு எல்லாரையும் வேன்ல சபைக்கு அனுப்பிடு. பிள்ளைக்குச் சளின்னு சொல்லி நீ வச்சுக்கோ. ஆராதனை முடியறதுக்குள்ள நம்ம கார்ல அவங்க வந்து வாங்கிட்டுப் போயிடுவாங்க. அவ வந்ததும் நீதான் பக்கத்துல இருந்து பாத்துக்கணும். உனக்குத்தான் அது பக்குவமா வரும்.”

உனக்குத்தான் அது பக்குவமா வரும். தெரசா கூடையை வாங்கிக்கொண்டாள். தலையும் ஆட்டினாள். பழக்கம் அப்படி. பன்னிரண்டு வருஷம் ஆட்டிய தலை, சொல்லிக்கொள்ளாமல் தானாக ஆடியது.

நாகவல்லியிடம் சொல்லிவிடலாம், இன்றைக்கே ஓடிப்போ என்று கதவைத் திறந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஓடினால் என்ன சொல்வார்கள்? சோறு போட்ட வீட்டில் துரோகம் செய்துவிட்டு ஓடிப்போனாள் என்பார்கள். அடுத்த ஞாயிறு அவளுக்காக உருகி ஜெபம் பண்ணுவார்கள். அடுத்த மாதம் இன்னொருத்தி வருவாள், இன்னொரு கூடை வரும். யோசித்து யோசித்து ஒன்றும் பிடிபடாமல், பூ மூட்டையைக் குளியலறைத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள். ஞாயிறு விடியும்வரை அவள் சொன்னபடி செய்கிறவளாகத்தான் இருந்தாள். அதை மறைப்பதற்கில்லை.

காலையில் வேன் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். நாகவல்லி குழந்தையைக் கொண்டுவந்து தெரசாவின் கையில் வைத்தாள். மூக்கு லேசாக ஒழுகிக்கொண்டிருந்தது உண்மைதான்.

“பால் குட்ச்சிட்டு கீது. முழிச்சா முதுகத் தட்டிகினே இரு, தூங்கிடும்” என்றாள். வேனில் ஒரு கால் வைத்தவள் திரும்பினாள். “வேற யார்னா இருந்தா வுட மாட்டேன்க்கா. நீ கீற, அதான் வுட்டுட்டுப் போறேன்.”

வேன் போன பிறகு தெரசா வாசலிலேயே நின்றாள். இத்தனை வருஷமும் பால்காரன் மேலும் குழாய் மேலும் சில்லறை சில்லறையாய்ச் செலவழித்த கோபம் மொத்தமாய் வந்தது. முதலில் தன் மேல். அன்றைக்குக் குளியலறையில் சந்தோஷத்தில் அழுத முட்டாள் மேல். பிறகு தோளில் கைவைத்த அந்தக் கை மேல். தன் பிள்ளையைத் தான் கொடுத்ததாக, தன் வாயாலேயே, வருஷம் தவறாமல் சொல்லவைத்த ஒவ்வொருத்தர் மேலும். என் புள்ளைய எடுத்தது போதாதுன்னு எடுத்த பழியையும் என் தலைல கட்டிட்டாங்களே என்று சத்தமாகவே சொன்னாள். கேட்க அந்தக் குழந்தை மட்டும்தான் இருந்தது.

குளியலறைக்குப் போனாள். ஈரத்துணியைப் பிரித்தாள். சரம் சரமாய் நல்ல கட்டு மல்லிகை. கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டாள். அத்தனை பூவையும் தலையில் வைத்தாள், ஒரு முழம் மிச்சம் வைக்காமல். இல்லத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு வந்து ஆவடி பஸ்ஸை மறித்து ஏறினாள். கல்யாணப் பெண் மாதிரி பூவும் வெள்ளைச் சேலையுமாய் நின்றவளைப் பார்த்துக் கண்டக்டர் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

சபையில் சாட்சி நேரம் நடந்துகொண்டிருந்தது. கேட்ட இடத்துக்கு டிரான்ஸ்ஃபர் கிடைத்ததற்காக ஒருவர் கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். ஒருபக்கம் ஆண்கள், ஒருபக்கம் பெண்கள், நடுவில் பாதை. வாசலில் தெரசா வந்து நின்றதும் முதலில் பெண்கள் பக்கம்தான் தலைகள் திரும்பின. பூ வாசனை அவளுக்கு முன்னால் உள்ளே போய்விட்டது. டிரான்ஸ்ஃபர் கிடைத்தவர் பாதியில் உட்கார்ந்தார்.

“சகோதரி” என்றார் பாஸ்டர் பால்ராஜ். “பூவை வெளியே எடுத்து வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.”

“இது தலைக்கு வந்த பூ இல்ல ஐயா. மாருக்கு வந்த பூ. சாட்சி சொல்ல வந்துகீறேன். சொல்லிட்டு எடுத்துடறேன்.”

நடுப்பாதையில் வந்து நின்றாள். வழக்கமாய் அவள் நிற்கிற இடம்தான்.

“நான் பாவத்துல இருந்தேன்னு இந்த எடத்துலதான் வருஷா வருஷம் சொல்லிகினு இருந்தேன். அது கெடக்குது. என் புள்ளையக் கர்த்தர் கையில குடுத்தேன்னு சொன்னேன். அது பொய். நான் குடுக்கல. தலைக்கு ஊத்திக்கோன்னு என்னை அனுப்பிட்டு எடுத்துகினு பூட்டாங்க.”

முன்வரிசையில் இருந்த காது மந்தமான பெரியவர் ஒருவர், வழக்கமாய் அந்த இடத்தில் சொல்வதுபோல், “ஸ்தோத்திரம்” என்றார். பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

“இந்தப் பூவ என் மார்ல கட்டி என் பாலை வத்த வச்சாங்க. அதுக்கப்புறம் நானே எத்தினியோ பொண்ணுங்களுக்குக் கட்டிக்கீறேன். இன்னிக்கு நாகவல்லிக்குக் கட்டணுமாம். அவ இங்க பாட்டுப் பாடிகினு இருக்கசொல்ல, அங்க கார் வந்து இந்தப் புள்ளைய வாங்கிகினு போவுமாம். ஊட்டப் பூட்டிட்டு வந்துட்டேன். சாவி இங்க கீது. யாருக்கு வேணும், வந்து வாங்கிக்கலாம்.”

பெண்கள் பக்கம் பின்வரிசையில் நாகவல்லி எழுந்துவிட்டாள். முக்காடு சரிந்தது தெரியாமல் பாய்களை மிதித்துக்கொண்டு ஓடிவந்தாள். தெரசா குழந்தையை அவள் கையில் கொடுத்தாள்.

“புட்ச்சிக்கோ. உங்கம்மா ஊட்டுக்குப் போற வரிக்கும் யார்கிட்டயும் குடுக்காத. கடவுளே வந்து கேட்டாலும் குடுக்காத. போ.”

“நீ இன்னாக்கா பண்ணுவ?”

“போடி.”

மூப்பர் ராஜசேகரன் எழுந்து, “அந்தப் பெண்ணை நிறுத்துங்க, இது முறையில்ல, உட்கார்ந்து பேசலாம்” என்றார். யாரும் அசையவில்லை. லூர்தம்மாள் என்று வாசல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி மட்டும் காலை மடக்கிக்கொண்டு, தன் பாயைச் சுருட்டி வழிவிட்டாள். அவளும் நாலு பெற்றவள். நாகவல்லி பிள்ளையோடு தெருவில் இறங்கிவிட்டாள். அவள் நேரே வெள்ளானூருக்குப் போனதும், ஆடி வரை பொறுக்காமல் வேம்புலி பேத்தியைக் கையில் வாங்கியதும் பிறகு நடந்தவை.

சுசீலா அம்மாவால்தான் தாங்க முடியவில்லை. பாவம், அவர் உண்மையிலேயே நல்லது செய்ததாக நம்பிக்கொண்டிருந்தவர். எழுந்து நின்றார்.

“நன்றி கெட்டவளே. இத்தனை வருஷம் உப்புப் போட்டுச் சாப்பிட்ட இல்ல? எடுத்துட்டுப் போனோம், எடுத்துட்டுப் போனோம்னு சொல்றியே, உன் பிள்ளையக் கிணத்துலயா போட்டோம்? ராஜா மாதிரி இருக்கான். போன வாரம்தான் ஏழாவது சேர்ந்திருக்கான். போன வருஷம் கிளாஸ்லயே முதல் ரேங்க்.”

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. கணவரைத் திரும்பிப் பார்த்தார். மூப்பர் தரையைப் பார்த்தார். பாஸ்டர் ஐயா வேதப் புத்தகத்தை எடுத்து மூடினார், மறுபடி திறந்தார். மூன்று பேருக்கும் தெரியும். எங்கே இருக்கிறான் என்று எங்களுக்கே தெரியாது என்று பன்னிரண்டு வருஷமாய் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்ன மூன்று பேருக்கும், போன வாரம் அவன் எந்த வகுப்பில் உட்கார்ந்தான் என்பது வரை தெரியும்.

தெரசா நின்ற இடத்திலேயே நின்றாள். பேசுவதற்கு எவ்வளவோ இருந்தது. திட்டுவதற்கு அவளுக்கா வார்த்தைப் பஞ்சம்?

“எந்த ஸ்கூலு?” என்றாள்.

பாஸ்டர் சட்டென்று கையை உயர்த்தி ஒரு பாட்டை எடுத்துக்கொடுத்தார். தாளம் தட்டுகிற பெண் தட்டத் தொடங்கினாள். ஒவ்வொருவராய் எழுந்தார்கள், இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்தன. தெரசா பாய்களுக்கு நடுவே நடந்து போய், சுசீலா அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். எதிரில் தானும் உட்கார்ந்தாள், முழங்கால் முட்டுகிற மாதிரி. தலைப்பை விடவில்லை.

“எந்த ஸ்கூலுன்னு சொல்லுங்கம்மா. அப்பால பாடலாம்.”